பாதை ஏறி வந்த ஆங்கிலம்

கொழும்புக் கோட்டையில் காலையில் புறப்படும் உதயதேவி ரயில் பொலன்னறுவையைத் தாண்டியதும் பெட்டிக்குள் பேச்சு மாறத் தொடங்கும். வெலிக்கந்தையில் சிங்களமும் தமிழும் அரைக்கு அரை. புணானைக் காடு கழிந்து வாழைச்சேனை வரும்போது வடை விற்பவர், இடம் கேட்பவர், தொலைபேசியில் சண்டை பிடிப்பவர் எல்லோருக்கும் மட்டக்களப்புத் தமிழ் வந்துவிடும். இந்த வண்டியில் அவ்வப்போது முதுகுப்பையோடு ஒரு வெள்ளைக்கார இளைஞரோ யுவதியோ அமர்ந்திருப்பதைக் காணலாம். பாசிக்குடாக் கடலுக்குப் போகிறவர்கள் கல்குடாவில் இறங்கிவிடுவார்கள். அங்கே இறங்காமல் கடைசித் தரிப்பிடம் வரை வருகிறவர்களில் சிலர் கடல் குளிக்க வந்தவர்கள் அல்லர். ஏதோ ஒரு பாடசாலையிலோ தேவாலய மண்டபத்திலோ சில வாரங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு ஆங்கிலம் கதைக்க வந்தவர்கள். சம்பளம் இல்லை. சோறும் படுக்கையும் யாராவது தருவார்கள்.

ஸ்பெயினில் இதை முறையான தொழிலாகவே நடத்துகிறார்கள். அமெரிக்கரான ரிச்சர்ட் வான் 2001இல் சோரியா மாகாணத்தின் வால்தெலாவில்லா என்ற ஊரில் இதைத் தொடங்கினார். குடியானவர்கள் கைவிட்டுப் போய்ப் பாழடைந்து, பின்னர் விடுதியாகப் புதுக்கப்பட்ட கல்வீட்டுச் சிற்றூர் அது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அங்கே வந்து தங்கலாம்; உணவும் அறையும் இலவசம். கைமாறாகக் காலையிலிருந்து இரவு வரை ஸ்பானியர்களோடு கதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பானியர்களுக்கோ ஸ்பானிய மொழிக்குத் தடை. பணம் கட்டி வருபவர்கள் பொறியியலாளர்கள், வங்கி அதிகாரிகள், மேலாளர்கள். எல்லோருமே பள்ளியில் ஆங்கிலம் படித்துத் தேறியவர்கள்தாம். எழுதத் தெரிந்த மொழியைக் கூச்சமில்லாமல் கதைக்கத்தான் இவ்வளவு செலவு.

மட்டக்களப்பு வாவிக்கரையிலும் குறை அதேதான். ஆனால் ஆங்கிலம் கதைக்க ஆள் வருவது இங்கே நேற்றைய கதை அல்ல. ஸ்பெயினில் அந்த யோசனை தோன்றுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பே ஒருவர் வந்துவிட்டார்.

அவர் பெயர் வில்லியம் ஓல்ட். 1814இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குக் கப்பலில் வந்த மெதடிஸ்த மிஷனரிக் குழுவில் ஒருவர். குழுவின் தலைவர் தோமஸ் கோக் கப்பலிலேயே இறந்தார். ஓல்டின் மனைவியும் அந்தப் பயணத்திலேயே இறந்தார். தனியாளாக மட்டக்களப்புக்கு வந்த ஓல்ட் பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். ஓராண்டு நிறையும் முன்பே, 1815 ஏப்ரலில், அவரும் காலமானார். புளியந்தீவில் இன்றும் நடக்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை 1814இலிருந்துதான் எண்ணுகிறது. ஒல்லாந்தர் கோட்டை, கச்சேரி, பழைய கல்லூரிகள் எல்லாம் கூப்பிடு தூரத்தில் நெருக்கியடித்து நிற்கும் தீவு இது. நடந்தே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். எந்தத் தெருவில் திரும்பினாலும் முடிவில் வாவி வந்து வழிமறிக்கும்.

அதே தீவில் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரிக்கு இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவிலிருந்து இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்துக் குருமார் வரத் தொடங்கினார்கள். லூசியானாவின் சதுப்பு நிலமும் இறாலும் புயலும் அறிந்தவர்களுக்கு மட்டக்களப்பு அவ்வளவு அந்நியமாக இருந்திருக்காது. அவர்கள் வகுப்பில் ஆங்கிலம் படிப்பித்தார்கள். பழைய மாணவர்களோ இலக்கணப் பாடத்தைவிடக் கூடைப்பந்துத் திடலைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். இலங்கையின் கிழக்கு மூலையில் இருந்த ஒரு கல்லூரி நாடு முழுக்கக் கூடைப்பந்தில் பெயர் எடுத்ததற்கு இந்தக் குருமாரே காரணம். “பாஸ் பண்ணு”, “ஷூட் பண்ணு” என்று தமிழ் வினையோடு ஒட்டிக்கொண்ட ஆங்கிலம் அந்தத் திடலில் புழங்கியது. பாதர் ஹரல்ட் வெபரின் பெயரில் இன்று நகரின் விளையாட்டரங்கே இருக்கிறது. ஊரார் அதை ‘வெபர்’ என்று மட்டும் சொல்வார்கள். பாதர் லாங் வாவியின் ‘பாடும் மீன்’ ஓசையைப் பதிவு செய்தார். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் என்று மீனவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த ஓசை அது.

இவர்களில் யாரும் சில வாரங்களில் திரும்பிப் போகவில்லை. பாதர் பென் மில்லர் 1948இல் வந்தார். உள்நாட்டுப் போர்க்காலத்தில் காணாமல் போனவர்களின் தாய்மார் தேடி வந்து முறையிட்ட கதவுகளில் அவருடையதும் ஒன்று. மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் உழைத்து, 2019 புத்தாண்டு நாளில் அதே ஊரில் இறந்தார். பாதர் யூஜின் ஹிபேர்ட் கிழக்குத் தொழில்நுட்ப நிலையத்தில் இளைஞர்களுக்குக் கைத்தொழில் பழக்கியவர், கூடைப்பந்துப் பயிற்றுநரும்கூட. 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், பின்னால் அமர்ந்துவந்த தமிழ் இளைஞரோடு சேர்த்துக் காணாமல் போனார். இருவருக்கும் என்ன நேர்ந்தது என்று எவரும் பொறுப்புச் சொல்லவில்லை.

கல்லடிப் பாலத்தைக் கடந்தால் மறுகரை. 1924இல் கட்டப்பட்ட இரும்புப் பாலத்துக்கு அன்றைய ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரை இட்டார்கள். அதை ஊரார் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு பழையது மாலை நேரக் காற்று வாங்கிகளின் சொத்து. கல்லடியில்தான் விபுலாநந்த அடிகள் 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயம் இருக்கிறது. காரைதீவில் பிறந்து, மெதடிஸ்தக் கல்லூரியிலும் மிக்கேலிலும் படித்து, ஆங்கிலக் கவிதையையும் விஞ்ஞானத்தையும் கரைத்துக் குடித்து, கடைசியில் யாழ் நூல் எழுதியவர் அவர். மிஷன் பள்ளி ஆங்கிலம் சிலர் கையில் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு அவர் ஒருவரே போதும். சிலர் கையில் என்பதுதான் கவனிக்க வேண்டியது. வாவிக்கு அப்பால் வயல்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் எட்டவேயில்லை.

1956இன் சிங்களம் மட்டும் சட்டமும் தாய்மொழிக் கல்வியும் நாடு முழுவதும் ஆங்கிலத்தை ஒரு பாடமாகச் சுருக்கின. பாடம் இருந்தது, பரீட்சை இருந்தது. வாய்க்கு வேலை இல்லாமல் போனது. 2001இல் உயர்தர வகுப்புகளில் ஆங்கில மொழிமூலம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அரசாங்கம் அறிவித்து, உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் நம் வழியில் ஆங்கிலம் கதைப்போம் என்று ஓர் இயக்கமே நடத்தியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ஹைதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம் உதவியது. நல்ல யோசனைதான். ஆனால் மட்டக்களப்புக்கு 2009 என்ன ஆண்டாக இருந்தது என்று நினைத்துப் பார்த்தால், பேச்சுப் பயிற்சி முதல் பத்துக் கவலைகளில்கூட வந்திருக்காது.

இன்றைக்கு நகரத்து மதில்களில் ‘ஸ்போக்கன் இங்கிலிஷ்’ விளம்பரம் ஒட்டாத மதில் குறைவு. ரியூசன் கொட்டிலில் நாற்பது பிள்ளைகள் இருந்து நிகழ்காலம், இறந்தகாலம் என்று எழுதித் தள்ளுவார்கள். அப்படியொரு வகுப்பில் வெளிநாட்டுத் தன்னார்வலரைக் கொண்டுபோய் நிறுத்தினால் நடப்பது அநேகமாக ஒன்றுதான். பெயர் கேட்டால் வகுப்பே ஒரே குரலில் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு ஒரே மௌனம். பின்வாங்கில் ஒரு சிரிப்பு. முன்வாங்கில் ஒரு பிள்ளை எழுந்து, கேட்காத கேள்விக்கு மனப்பாடமான கட்டுரை ஒன்றை ஒப்புவிப்பாள். வந்தவரும் வேறு வழியில்லாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி இலக்கணம் எழுதத் தொடங்குவார். அதைப் படிப்பிக்கத்தான் ஊரிலேயே நல்ல டீச்சர்மார் இருக்கிறார்களே!

இடைவேளையில்தான் விஷயம் மாறும். எல்லே விளையாட்டில் யார் எப்போது ஓட வேண்டும், பந்து பட்டால் ஏன் வெளியே போக வேண்டும் என்று ஒன்றும் விளங்காமல் நிற்கும் வெள்ளைக்கார அண்ணாவுக்கு விளக்கிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அணி தோற்கும். அப்போது வகுப்பில் வாய் திறக்காத பையன் வினைச்சொல் இல்லாத ஆங்கிலத்தில் கையையும் காலையும் சேர்த்துக் கதைப்பான். மத்தியானம் யாரோ ஒரு வீட்டில் வாவி நண்டுக் கறி. ஓட்டை எப்படி உடைப்பது என்று வீட்டுக்காரப் பிள்ளை ஆங்கிலத்தில் காட்டிக் கொடுக்க, “இன்னும் ஒள்ளுப்பம் சோறு போடவா மனே?” என்று அம்மம்மா தமிழில் கேட்பார். இரண்டுக்கும் தலையாட்டத் தெரிந்தவர் ஊரில் நிலைத்துவிடுவார்.

2004 சுனாமிக்குப் பிறகான ஆண்டுகளை இந்தக் கணக்கில் தவறவிட முடியாது. கல்லடிக் கடற்கரை, நாவலடி, டச்பார் எல்லாம் அடித்துச் செல்லப்பட்ட பின், ஊருக்குள் வெள்ளை நிற லாண்ட் குரூசர்கள் வரிசை கட்டின. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சாரதி வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும், கள உத்தியோகத்தர் வேண்டும். சாதாரண தரத்தில் ஆங்கிலப் பாடத்தைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய பெடியன்களும் பெட்டைகளும் அகதி முகாமுக்கும் அலுவலகத்துக்கும் இடையில், வண்டியின் முன் இருக்கையில் இருந்தே அந்த மொழியைப் பழகினார்கள். யாரும் அவர்களுக்கு வகுப்பெடுக்கவில்லை. கூரைத் தகடு எத்தனை வந்தது, எந்தக் குடும்பத்துக்கு இன்னும் வரவில்லை, ஏன் வரவில்லை என்று வெளிநாட்டு அதிகாரியோடு வாதாட வேண்டியிருந்தது. வாதாட்டம் போல ஆங்கிலம் பழக்கும் பள்ளி வேறில்லை. போர் முடிந்து நிறுவனங்கள் மூட்டை கட்டியபோது அந்த வேலைகளும் போயின. அந்தத் தலைமுறையில் பலர் இன்று வங்கியிலும் விடுதியிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். வகுப்பு எடுக்கிறவர்களும் உண்டு.

வாவிக்கரையின் மொழிக் கதையில் ஐபீரியத் தீபகற்பத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். மொத்தம் பத்து ஆண்டு ஆட்சி. ஆனால் மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகள் சிலவற்றில் போர்த்துக்கேயக் கிரியோல் இன்னமும் பேசப்படுகிறது. டச்பாரிலும் அயலிலும் வாழ்ந்த அவர்கள் தச்சர், கொல்லர், சப்பாத்துத் தைப்பவர், பிறகு மெக்கானிக். கல்யாண வீட்டில் கஃப்ரிஞ்ஞா ஆடுவார்கள். எண்பதுகளில் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அவர்களைப் பற்றி எழுதினார். அதற்கு முன்பே எழுபதுகளில் மொழியியலாளர் இயன் சிமித் அவர்களின் பேச்சை ஆராய்ந்தார்: சொற்கள் போர்த்துக்கேயம், வாக்கியம் அடுக்கும் முறையோ தமிழ், வினை கடைசியில் வந்து நிற்கும். 2010களின் பிற்பகுதியில் லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹியூகோ கார்தோசோவும் குழுவினரும் வந்து, முதியவர்களைக் கதைக்கவும் பாடவும் விட்டு ஒலியாகவும் காணொளியாகவும் பதிவு செய்தார்கள். மற்றவர்கள் பேச வைக்க வந்தார்கள். இவர்கள் கேட்க வந்தார்கள்.

பத்து ஆண்டு கோட்டை வைத்திருந்தவர்களின் மொழி நானூறு ஆண்டு நிற்கிறது. இருநூறு ஆண்டு பள்ளி நடத்தியவர்களின் மொழி இன்னும் மதிலில் விளம்பரமாக இருக்கிறது. இதில் போர்த்துக்கேயரின் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. அவர்கள் மொழி அடுப்படிக்கும் பட்டறைக்கும் போனது. ஆங்கிலம் வாங்கிலேயே இருந்துவிட்டது.

தெற்கே போகும் வீதியில் காத்தான்குடியின் பேரீச்சை மரங்களும் கடைத்தெருவும் வரும். இங்கே வியாபாரிகளின் பல மொழித் திறமையைப் பார்த்தால் தன்னார்வலரின் தேவையே இல்லை என்று தோன்றும். ஆரையம்பதியைத் தாண்டி வலப்புறம் திரும்பினால் மண்முனைப் பாலம். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. விழும் பக்கம் படுவான்கரை. 2014இல் பாலம் திறக்கும் வரை கொக்கட்டிச்சோலைக்குப் போக இவ்விடத்தில் ‘பாதை’ ஏற வேண்டியிருந்தது. பாதை என்பது வாவியைக் கடக்கும் மிதவை. ஆள், சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை எல்லாம் ஒன்றாக ஏறும். போர்க்காலத்தில் படுவான்கரை புலிகளின் பக்கம், நகரம் இராணுவத்தின் பக்கம். அந்தக் காலத்தில் இங்கே வந்து தங்கித் தமிழிலேயே கதைத்துத் திரிந்த அமெரிக்கர் மார்கரெட் டிராவிக். போருக்கு நடுவிலும் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பற்றிய அவரது நூல் 2007இல் வெளிவந்தது.

இன்னும் தெற்கே, குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்தால் மண்டூர். இங்கும் நெடுங்காலம் பாதைதான் வழி. மண்டூர் முருகன் கோயிலில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார், கதிர்காமத்து வழக்கம். வாய் கட்டிய கோயிலைப் பற்றி ஆராய 1980களின் தொடக்கத்தில் வந்த மார்க் விட்டேக்கர் என்ற அமெரிக்கருக்கு, வாய் ஓயாத ஒரு நண்பர் கிடைத்தார். மட்டக்களப்பு இளைஞர் தர்மரத்தினம் சிவராம். மிக்கேல் கல்லூரி மாணவர். கிடைத்த ஆங்கிலப் புத்தகத்தையெல்லாம் படித்துத் தள்ளியவர். இருவரும் தத்துவம் கதைத்தார்கள், அரசியல் கதைத்தார்கள், சண்டை பிடித்தார்கள். அது ஆங்கில வகுப்பு அல்ல. ஆனால் அதைவிட நல்ல ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வாவிக்கரையில் நடந்திருக்குமா என்பது சந்தேகம். அந்த இளைஞர்தான் 1989இலிருந்து ‘தராக்கி’ என்ற பெயரில் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதி, கொழும்பின் தூதரகங்களே காத்திருந்து படித்த பத்தியாளரானார். 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டு கழித்து விட்டேக்கர் எழுதிய நூலின் தலைப்பே, தான் சிவராமிடம் அரசியல் கற்றதாகத்தான் சொல்கிறது. யார் யாருக்குப் பாடம் எடுத்தார்கள் என்று பிரிப்பது கஷ்டம்.

இப்போது வருகிறவர்களுக்கு அவ்வளவு நீண்ட காலம் கிடைப்பதில்லை. சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளம் வாங்காமலும்கூட வேலை செய்ய இலங்கைச் சட்டம் இடம் தராது. முறைப்படி வர, அழைக்கும் நிறுவனத்தின் ஊடாக வதிவிட விசா எடுக்க வேண்டும். சில வாரங்களுக்காக இந்த அலைச்சல் பலருக்குச் சரிவருவதில்லை. பிள்ளைகளோடு பழகுபவர் யார், எவர் என்று விசாரிக்காமல் வகுப்புக்குள் விடும் இடங்களைப் பற்றிப் பெற்றோரும் யோசிக்க வேண்டும். ஒருவர் போய் அடுத்தவர் வந்து, மறுபடியும் ‘உன் பெயர் என்ன’ என்பதிலிருந்தே தொடங்கும் வகுப்புகளால் பிள்ளைகளுக்குப் பெரிய நன்மை இல்லை. அதைவிடப் பாசிக்குடா விடுதிகளில் வேலைக்குச் சேரும் இளைஞர்களோடும், தோணியில் வெளிநாட்டவரை ஏற்றும் மீனவர்களோடும் இரண்டு வாரம் கூடவே நின்று கதைத்தால் உடனே பலன் தெரியும். அவர்களுக்கு அந்த ஆங்கிலம் அடுத்த நாள் காலையிலேயே தேவை.

காலத்தையும் பார்த்து வர வேண்டும். மார்கழி மழையில் வாவி பெருகினால் படுவான்கரை வீதிகள் பல நீருக்குள் போய்விடும். ஐரோப்பியர் விடுமுறை எடுத்துக்கொண்டு வருவதோ பெரும்பாலும் ஆகஸ்டில். அதற்குச் சற்று முன்பின்னாக ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தம், தொடர்ந்து கொக்கட்டிச்சோலைத் தேர், மண்டூர்த் திருவிழா என்று கரை முழுக்கக் கொடியேறியிருக்கும். அந்த நாட்களில் வகுப்பு வைத்தால் வாங்குகள்தான் மிஞ்சும். விஷயம் தெரிந்த ஏற்பாட்டாளர்கள் தன்னார்வலரைப் பிள்ளைகளோடேயே கோயிலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கச்சான் எவ்வளவு, தேரை யார் இழுக்கலாம், காவடிக்காரருக்கு முதுகு நோகாதா, மறுகா எங்கே போவது என்று இரு தரப்புக்கும் கேட்பதற்கு ஏராளமாக இருக்கும்.